கந்தளாயில் நான் வெடிக்க வைத்த குழாய்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் அணுமின் நிலையங்களுக்கு வேலைக்குப் போகப்போகிறீர்கள். சந்தோஷம். அங்கே துருப்பிடிக்காத உருக்குக் குழாய்களில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைத் தேடுவதுதான் உங்கள் தொழில். எப்படித் தேடுவது என்று புத்தகம் இருக்கிறது. அதைப் படித்துச் சோதனையும் எழுதிவிட்டீர்கள். அதையெல்லாம் திரும்பச் சொல்லி உங்களை நித்திரையாக்க நான் விரும்பவில்லை. நான் எழுதப்போவது, இல்லாத ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்து, பிறகு அதை உண்மையாகவே வெடிக்க வைத்த ஒரு பரிசோதகரின் கதை. திருகோணமலை மாவட்டத்தில் அந்தச் சாதனையைச் செய்தவர் ஒருவர்தான். அவர்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் நான் வேலை பழகிய அணுமின் நிலையத்தில் எங்களுக்கு மேலே ஒரு பெண்மணி இருந்தார். அவர் சிரித்து நான் கண்டதில்லை. ஒருநாள் மத்தியானம், ஊரிலிருந்து கொண்டுபோன தேசிக்காய் ஊறுகாயோடு சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, கை கழுவியாகிவிட்டது என்ற தைரியத்தில் கையுறை போடாமல் ஒரு குழாயைத் தொட்டுவிட்டேன். அந்த அம்மா வந்து என் கையை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். தொட்டது நான்கு விரல்தான், ஆனால் குழாயின் முழு நீளத்தையும் இரண்டு நாள் என்னைக் கொண்டே துடைப்பித்தார். "குழாய்க்கு உன்னைத் தெரியாது, உன் படிப்பும் தெரியாது. உன் கையில் இருக்கிற உப்பை மட்டும்தான் அதற்குத் தெரியும்" என்றார். இந்த உருக்கு துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் சூடும், வெல்டிங் செய்த இடத்தில் உள்ளுக்குள்ளேயே நிற்கிற இழுவையும், உப்பும் ஒரே இடத்தில் கூடிவிட்டால், ஒரு சத்தமும் போடாமல் வெடித்துவிடும்.

இந்த அறிவோடும் கொஞ்சம் தலைக்கனத்தோடும் நான் திருகோணமலைக்குத் திரும்பி வந்தேன். ஓய்வு பெறுவதற்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. எங்கள் நாட்டில் அணுமின் நிலையம் இல்லை, ஆனால் குழாய்கள் இருக்கின்றன. தொழிற்சாலைகளில் என்னை "அணு உலை சேர்" என்று அழைத்தார்கள். நான் ஒருமுறையும் மறுப்புச் சொல்லவில்லை.

கந்தளாயில் ஒரு பால் தொழிற்சாலை. பாலைச் சூடாக்குவதற்காகக் கொதிநீர் ஓடுகிற நீளமான துருப்பிடிக்காத உருக்குக் குழாய் ஒன்று அங்கே இருந்தது. அதில் இருந்த ஒட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் வெல்டிங் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு குழாயை நீட்டியபோது மூன்று ஒட்டுகளை மட்டும் தொழிற்சாலையின் சொந்த வெல்டர் செய்திருந்தார். அவர் பெயர் அருளப்பு. திருகோணமலைக் கரையோரப் பங்கொன்றைச் சேர்ந்த கத்தோலிக்கர், ஐம்பது வயது, தினமும் விடிய முதல் பஸ்ஸில் கந்தளாய்க்கு வருகிறவர். வேலை முடிந்ததும் ஒட்டைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, தலையைச் சரித்து ஒருமுறை பார்ப்பார். குறை ஏதும் இல்லாவிட்டாலும் "மன்னிக்கவேணும்" என்று தொடங்கித்தான் பேசுவார்.

மனேஜர் என்னை முதன்முதல் கூப்பிட்டது வெறும் வருடாந்தப் பரிசோதனைக்கு. குழாயை நிறுத்தி ஆறவிட்டு, சிவப்புச் சாயம் பூசி, பொறுத்திருந்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்க்கிற சோதனை. வெடிப்பு இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து வெளியே வரும். இதில் துடைப்பதுதான் முழு வித்தை. அரைகுறையாகத் துடைத்தால், ஒட்டின் ஓரத்துப் பள்ளத்தில் தங்கிய சாயமும் கோடாகத்தான் தெரியும்.

நான் துடைத்துக்கொண்டிருக்க, மனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், மூண்டு பால் பவுசர் லொறி கேற்றிலை நிக்குது. திரைஞ்சுபோனால் நான்தான் பதில் சொல்லவேணும்."

"கொஞ்சம் பொறுங்கோ."

"நான் பொறுப்பன் சேர். பால் பொறுக்காது."

கையை வேகப்படுத்தினேன். அவசரம் ஒரு பக்கம். மற்றப் பக்கத்தை இன்றைக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அணு உலையில் வேலை செய்த பெரிய மனிதன் வந்து, முழுக் குழாயையும் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கே கொஞ்சம் சப்பென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து அருளப்புவின் முதலாவது ஒட்டின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. எனக்கு வெட்கம் வரவேண்டிய இடத்தில் சந்தோஷம் வந்தது. படம் எடுத்தேன். திரும்பத் துடைத்துப் பார்க்கவில்லை. "ஒட்டில் வெடிப்பு, வெல்டிங் குறைபாடு, கண்காணிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். குழாய் ஓடியது, பால் தப்பியது.

தொழிற்சாலை வாசற் படலையடியில் அருளப்பு எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"மன்னிக்கவேணும் சேர். உண்மையாவே வெடிப்போ?"

"ஓம்."

"நான் கவனமாத்தானே ஒட்டினனான். கண்ணாலை ஒண்டும் தெரியேல்லையே."

"கண்ணுக்குத் தெரியாது, அருளப்பு. அதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம்."

இந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஏழு மாதம் கழித்து மனேஜர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் கவலையைவிட வியப்புத்தான் கூட இருந்தது. "சேர்! வெடிச்சிட்டுது! நீங்கள் சொன்ன அதே ஒட்டு! தண்ணி கசியுது!" நான் போனபோது குழாயில் பட்டி போட்டு இறுக்கிக் கசிவை நிறுத்தியிருந்தார்கள். பட்டிக்குக் கீழே நான் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அதே ஒட்டு, அதே வெடிப்பு, எல்லாம் முன்னரே நான் எழுதியது. மனேஜர் என்னைக் கந்தோருக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, மற்றவர்களுக்குக் காட்டினார். கன்ரீன் அக்கா தன் பிரஷர் குக்கரைக் கொண்டுவந்து, இது எப்போது வெடிக்கும் என்று கேட்டார். கொதிகலன் பார்க்கிற ஹனீபா நானா, தோப்பூர்க்காரர், மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். விளையாட்டாகப் பின்சக்கரம் கவனம் என்றேன். அடுத்த கிழமை பின்சக்கரம் காற்றுப் போனது. அதோடு என் பெயர் தோப்பூர்ச் சந்தை வரைக்கும் போய்விட்டது.

நான் இதையெல்லாம் நிறுத்தினேனா? இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அருளப்புவின் இரண்டாவது ஒட்டு கசிந்தது. ஒரு மாதத்தில் மூன்றாவதும் கசிந்தது. கொழும்புக்காரர்களின் ஒட்டுகளில் ஒன்றுகூடக் கசியவில்லை. இதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? மனேஜர் வேலைநீக்கக் கடிதத்தை அடித்து மேசையில் வைத்துவிட்டு எனக்குச் சொல்லி அனுப்பினார். காரணம் வெல்டிங் குறைபாடு என்று நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், கடிதம் அருளப்புவின் கைக்குப் போய்விடும்.

அன்றைக்கும் அருளப்பு படலையில் நின்றார். இந்த முறை மன்னிப்பில் தொடங்கவில்லை.

"சேர், என்னை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டட்டும். ஆனால் இந்தக் கடதாசியோடை வேறை ஆரும் என்னை வேலைக்கு எடுக்கமாட்டினம். முப்பது வரியம் ஒட்டின கை சேர் இது. இதைத் தவிர எனக்கு வேறை வேலை தெரியாது."

முதல் தடவையாக எனக்குள் ஒரு சின்னப் பயம் வந்தது. மனேஜரிடம் போய், கையெழுத்துப் போடுவதற்கு முன் குழாயை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன்.

"நீங்கள் எப்பவோ பாத்திட்டீங்கள் சேர், இனி என்ன பாக்கிறது?" என்றார் அவர்.

கசிவுக்காகக் கொதிநீரை அடைத்து ஆறவிட்டிருந்த மூன்றாவது ஒட்டுக்குப் போனேன். சாயம் போட்டு, நன்றாகத் துடைத்துப் பொடி அடித்தேன். வெடிப்பு ஒட்டில் இல்லை. ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளி, வலது பக்கத்தில், குழாயின் சொந்த உடம்பில் கிளை கிளையாகப் பிரிந்து ஓடியது. வெல்டிங் குறைபாடு அப்படிக் கிளை விடாது. அப்படிக் கிளை விடுவது உப்பு வெடிப்பு. குழாயின் மேல்பக்கத்தில் காய்ந்துபோன வெள்ளைத் தடங்கள் வேறு இருந்தன. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சந்தேகத்துக்கு இன்னுமொரு இடத்தில், இந்த முறை விரலை இடையில் வைக்காமல் நேரே நக்கிப் பார்த்தேன். நல்ல உப்பு. நிமிர்ந்தால் எதிரே ஹனீபா நானா வாயைத் திறந்தபடி நிற்கிறார்.

கந்தளாயில் கடல் இல்லை. இருப்பது குளம். குழாயில் ஓடுவது நல்ல தண்ணீர். உப்பு எங்கிருந்து வந்தது? அப்போதுதான் கண்ணில் பட்டது, அதே குழாயில், இன்னும் கொதிநீர் ஓடுகிற பக்கமாய்க் கொஞ்சம் தள்ளி, ஹனீபா நானாவின் சாப்பாட்டுக் கரியர் சூடாகிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தேன். கருவாட்டுக் குழம்பு. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நானா, எவ்வளவு நாளாய் இதை இதிலை வைக்கிறீங்கள்?"

"வந்த நாளிலயிருந்து சேர். ஆனா நான் வெக்கிறது கொழும்பு ஒட்டுக்கு மேல. அது வெடிக்கல்லயே. என்ட பொஞ்சாதி மூடின கரியர்ல ஒரு சொட்டும் வெளிய வராது." கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "நீங்க அருளப்புக்கிட்டக் கேளுங்க. விடியக் காலம அவர்தான் பைப்புக்குத் தண்ணி தெளிக்கிறவர்."

அருளப்பு ஒளிக்கவில்லை. தன் அலுமாரியைத் திறந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்துக் காட்டினார். கோயில் பாதிரியார் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தம்.

"ஒவ்வொரு நாளும் மூண்டு ஒட்டுக்கும் தெளிப்பன் சேர். ஒரு செபமும் சொல்லுவன். சூட்டுப் பைப்பிலை பட்டவுடனை சுர்ரெண்டு ஆவியாப் போகும். ஆண்டவர் கேட்டிட்டார் எண்டு நினைப்பன்."

மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்தேன். முகம் தானாகவே சுளித்தது.

"இவ்வளவு உப்போ தீர்த்தத்திலை?"

"பங்குச் சுவாமி ஒரு கிள்ளுத்தான் போடுறவர். என்ர மனிசி மந்திரிச்ச உப்பு வாங்கி மேலதிகமாப் போட்டவ. பைப் வெடிக்க வெடிக்க அவ கூட்டினவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டேன்.

"எப்ப துடங்கினது இது?"

"நீங்கள் வெடிப்பு எண்டு எழுதின கிழமை சேர்."

கைத்தொலைபேசியை எடுத்துப் பழைய படத்தைத் தேடினேன். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். முதலாம் வருடத்துப் பொடியனுக்கும் தெரியும், அது வெடிப்பில்லை. தடித்து, கலங்கி, ஒட்டின் இடது ஓரத்தோடு ஒட்டிக்கிடந்த, துடைக்காமல் விட்ட சாயம். அன்றைக்கு அந்தக் குழாயில் ஒரு குறையும் இருக்கவில்லை. நான் எழுதினேன், அந்த மனிதர் பயந்தார், தெளித்தார், குழாய் வெடித்தது. வெடித்தவுடன் நான் தீர்க்கதரிசியாகிவிட்டேன், அவர் இன்னும் கூடத் தெளித்தார். சுத்தமான ஒரு குழாயை வாயால் சொல்லி மூன்று இடத்தில் உடைத்திருக்கிறேன்.

இனி நான் என்ன செய்யலாம் என்று பாருங்கள். கையெழுத்துப் போட்டால் என் பெயர் நிற்கும், அருளப்புவின் கை போய்விடும். தீர்த்தம்தான் காரணம் என்று மட்டும் எழுதினால் அறிக்கை சரி, குற்றம் மறுபடியும் அவர் தலையில். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. என் முதல் அறிக்கையே பிழை என்று ஒப்புக்கொள்வது; அதில் என் பெயர் சந்தி சிரித்துவிடும். நான் உடனே அந்த வழியைத் தேர்ந்தேன் என்று நினைக்காதீர்கள். கன்ரீனில் ஒரு பிளேன்ரீ வாங்கி, அது ஆறிப் பச்சைத்தண்ணியாகும் வரைக்கும் இருந்தேன்.

பிறகு அருளப்புவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பிக்கையை நான் உடைக்கப்போகிறேன் என்றுதான் பயந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப கையிலை பிழையில்லை?"

"கையிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிலை."

அவர் இரண்டு கைகளையும் விரித்து, புதிதாகக் கிடைத்த சாமான் போல, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "தீர்த்தத்தாலை வெடிச்சதெண்டு மட்டும் எழுதவேண்டாம் சேர். சுவாமி கவலைப்படுவார்" என்றார்.

"உப்பெண்டு எழுதுறன்" என்றேன்.

மனேஜரின் கந்தோரில் நின்று நான் என் தவறை ஒப்புக்கொண்டபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கு என் தவறை நிரூபிக்கப் போராடவேண்டி வந்தது. அவர் நம்பவில்லை.

"உங்களுக்குத் தன்னடக்கம் கூடிப்போச்சு சேர்."

"நான் எழுதின நேரம் வெடிப்பு இல்லை."

"ஆனால் பிறகு வெடிச்சதுதானே?"

"நான் எழுதினதாலைதான் வெடிச்சது."

"அதைத்தானே சேர் நாங்களும் சொல்லுறம்!"

இந்த இடத்தில் கத்திப் பிரயோசனம் இல்லை. குழாயை நிறுத்தச் சொன்னேன். பவுசர் நிற்கிறது என்றார். நிற்கட்டும் என்றேன். அன்றைக்கே இந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திராது. முதலாவது ஒட்டின் பட்டியைக் கழற்றி, அவர் கண் முன்னாலேயே சாயம் பூசி, துணி நிறம் மாறாமல் வரும்வரை துடைத்து, பொடி அடித்தேன். காத்திருந்தோம். ஹனீபா நானாவும், கன்ரீன் அக்காவும், இன்னும் நாலைந்து பேரும் பூசை பார்க்கிற அமைதியோடு சுற்றி நின்றார்கள். வலது பக்கத்தில், ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளி, சிவப்புக் கிளைகள் மெல்ல மெல்ல எழும்பின. நான் அன்றைக்குக் கோடு கண்ட இடது ஓரம் வெள்ளையாகவே கிடந்தது. படத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"மற்றப் பக்கம்" என்றார்.

"ஓம். மற்றப் பக்கம். இப்பிடிக் கிளை விடுறது உப்பு வெடிப்பு."

"அப்ப உப்பை ஆர் போட்டது?"

"அருளப்பு. பைப்பைக் காப்பாத்தத்தான் ஊத்தினவர். ஊத்தவைச்சது என்ர அறிக்கை."

மனேஜர் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார். "கடிதம் அடிச்சாச்சு சேர். பதிவிலையும் ஏத்தியாச்சு. இப்ப ஆருக்குக் குடுக்கிறது?"

"எனக்குத் தாங்கோ."

பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் பகிடி தெரியாத மனிதர். அரை மணித்தியாலத்தில் கடிதம் என் கைக்கு வந்தது. பெயர் மட்டும் மாற்றப்பட்டிருந்தது. "தங்களது கவனக்குறைவான வெல்டிங் வேலை காரணமாக" என்ற வரி அப்படியே இருந்தது. வாழ்நாளில் ஒரு கம்பியைக்கூட நான் வெல்டிங் செய்ததில்லை. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். என் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் அதுதான் எனக்குப் பொருத்தமானது.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். தேடிப் போனது கிடைத்தவுடன் மனம் குளிர்ந்தால், துணியை எடுத்து இன்னொருமுறை துடையுங்கள். நீங்கள் காணாமல் விடுகிற வெடிப்பைப் பற்றி எல்லோரும் உங்களை எச்சரித்திருப்பார்கள். இல்லாததைக் கண்டு எழுதினால் அதற்குக் கீழே ஒரு மனிதர் நசிபடுவார் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அணுமின் நிலையத்திலும் அதே சிவப்புக் கோடுதான் தெரியும். உங்கள் முதுகுக்குப் பின்னாலும் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்.

மூன்று துண்டுகளையும் வெட்டி எடுத்துவிட்டு, அருளப்புவே புதிதாக வெல்டிங் செய்தார். அதைப் பரிசோதிக்க மனேஜர் வேறு ஆள் தேடியிருக்கிறார், மாவட்டத்தில் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் என்னைத்தான் கூப்பிட்டார். நான் போய்ச் சாயத்தையும் துணிகளையும் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, அருளப்பு பக்கத்தில் வந்து நின்றார். கையில் அந்தப் போத்தல்.

"அருளப்பு, பைப்பிலை ஒரு சொட்டும் படக்கூடாது."

"தெரியும் சேர். நீங்கள் கொஞ்சம் இஞ்சாலை தள்ளி வந்து தலையைக் குனியுங்கோ."

"ஏன்?"

"போன முறை பிழையான இடத்திலை தெளிச்சுப்போட்டன்."

குழாயை விட்டு நாலடி தள்ளிப் போய், குனிந்தேன்.